கைதட்டு வாங்கும் நோட்டு

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளின் பெற்றோர் மாதம் ஒருமுறை அங்கே கூடுவார்கள். வீட்டில் பிள்ளையின் விரலைக் குத்திப் பார்த்து நோட்டில் குறித்த சுகர் அளவை ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். அளவு நன்றாக இருந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். நர்ஸம்மா ஏற்படுத்திய வழக்கம். நல்ல மனசுதான், ஆனால் ஆளைக் கட்டிப்போட நல்ல மனசை விடப் பெரிய கயிறு கிடையாது.

அங்கே வரும் தையல்காரி ஒருத்திக்கு அது தெரியும். முதல் கூட்டத்தில் மகளின் அளவை உள்ளபடி வாசித்தபோது சுற்றிலும் "அச்சச்சோ" என்றார்கள். அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த மாதம் முந்நூறை நூற்றிருபது ஆக்கினாள். கூடின அளவைப் பிடித்துத் தைப்பது அவளுக்குக் கைவந்த கலையாயிற்றே! டாக்டரிடம் சுகர் அளவு பதிவாகியிருக்கும் மீட்டரையே காட்டிவிடுவாள். பொய்யெல்லாம் இந்த அறைக்கு மட்டும்தான். ஏழு மாதமாகக் கைதட்டு. புதிதாக வருகிறவர்களை அவள் பக்கத்தில் உட்காரவைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்று பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர்.

"உங்க பொண்ணுக்கு ஏழு மாசமா ஒரு தடவகூட ஏறலியாமே அக்கா, நர்ஸம்மா ரெண்டு வாரம் முன்னயே சொன்னாங்க. எம்பொண்ணுக்கு ஏறுது, எறங்குது. தப்பு என்மேலதான், சரியாப் பாத்துக்கல. அதனால இப்ப வெளையாட விடறதில்ல, ஸ்கூலுக்கும் அனுப்பல. ரெண்டு வாரமா ரூமுக்குள்ளயே வச்சிருக்கேன். ஜன்னல்கிட்ட நின்னு அழறா. உங்க பொண்ணு மாதிரி ஆனதும் வெளிய விடறேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

தையல்காரி கதவைப் பார்த்தாள். எழுந்து ஓடலாமென்றால் அத்தனை பேர் முழங்காலையும் தாண்டித்தான் கதவு.

"உங்க முறைம்மா" என்றார் நர்ஸம்மா.

நோட்டில் நூற்றுப் பதினெட்டு என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அதை மூடிவிட்டு, பையிலிருந்து மீட்டரை எடுத்தாள்.

"முந்நூத்திப் பன்னெண்டு."

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் வாயைத் திறந்தால் தட்டுவதென்று கைக்குப் பழகிவிட்டது. நர்ஸம்மாகூட "சபாஷ்" என்று அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார். தப்பித்தோமடா சாமி என்று அவள் பேசாமல் இருந்துவிடலாம். கண்டக்டரின் கைகள் மட்டும் தட்டாமல் அப்படியே நின்றன.

"அக்கா, எவ்ளோ சொன்னீங்க?"

"முந்நூத்திப் பன்னெண்டு தம்பி. ஏழு மாசமா நான் வாசிச்சது எதுவும் நெசமில்ல. எம்பொண்ணுக்கும் ஏறும், எறங்கும். தெனமும் வெளையாடத்தான் செய்றா."

அறையில் யாரும் "அச்சச்சோ" கூடச் சொல்லவில்லை. கண்டக்டர் அவளை முறைத்தார். திட்டப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"அவள வெளிய விடு" என்றார். "இப்பவே விடு."