பத்துக்குச் சைபர்

எங்கள் மகிழுந்தின் எஞ்சின் மூன்றாம் முறை இறந்தபோது, எங்கள் வீட்டில் இரண்டு அறைகளே மீதமிருந்தன.

முதல் எஞ்சின் ஒன்பதாயிரம் கிலோமீட்டரில், தாராபுரம் சாலையில் இறந்தது. அதை மாற்றிக் கொடுத்ததற்காகப் பணிமனையார் எங்கள் சமையலறையை எடுத்துக்கொண்டனர். இரண்டாவது எஞ்சின் மேலும் நாலாயிரம் கிலோமீட்டரில் இறந்தது. அதற்குக் கூடம் போயிற்று. அறைகளை அவர்கள் முறையாகவே எடுத்தார்கள். மஞ்சள் நிறக் கிரேன் வந்தது. சுவர்களில் கீறல் விழாதபடி போர்வை சுற்றினார்கள். ரசீது தந்தார்கள்.

மூன்றாவது எஞ்சின் ஓடவே இல்லை. வாசலில், உறைக்குள் நின்றபடியே இறந்தது. திங்கட்கிழமை வண்டியை இழுத்துச் சென்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை கடிதம் வந்தது.

"இந்தத் தடவ எந்த ரூமாம்?" என்று என் மனைவி மரகதம் கேட்டாள். நாங்கள் இருவரும் குளியலறையில் குடியிருந்தோம்.

"நறுமுகை ரூமுன்னு போட்டிருக்கு."

நறுமுகை எங்கள் மகள். பன்னிரண்டாம் வகுப்பு. வியாழக்கிழமை அவளுக்கு வேதியியல் பொதுத்தேர்வு. அவள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அறையை எடுப்பவர்கள் உள்ளிருப்பதையும் சேர்த்தே எடுப்பார்கள். சமையலறையோடு கிரைண்டரும், அதில் ஊறிக்கொண்டிருந்த உளுந்தும் போயின. எதுவும் திரும்பவில்லை.

"போயிக் கேளுங்க. இந்தவாட்டியும் பாவம் பாத்துட்டு வந்து நிக்காதீங்க. நல்ல மனுசன்னு பேரு வாங்கறதுக்கு அடுப்படியத் தூக்கிக் குடுத்த ஆளு, ஈரோட்டுலயே நீங்க ஒருத்தருதான்."

அவள் கூற்று உண்மை. ஒவ்வொரு பழுதின் முடிவிலும் எடுக்கப்பட்ட அறை பணிமனையின் வாயிலில் காத்திருக்கும். என் கைப்பேசி ஒலிக்கும். பணிமனையின் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு பெண்குரல் கேட்கும். அப்போது பணிமனையின் ஆலோசகர் லோகேஸ்வரன் என் கையைப் பிடித்துக்கொள்வார். "பத்துக்குப் பத்து போட்ருங்க சார். ஒம்பது போட்டாலே என்னைய நிறுத்திருவாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க." இரண்டு முறையும் நான் பத்து என்றேன். பத்து என்றதும் அறை உள்ளே போயிற்று.

நான் பேருந்தில் சென்றேன்.

வரவேற்பு மேசையிலிருந்து வேலைக்கூடத்துக்கு ஒரு நடைவழி உண்டு. சென்ற முறை அதன் நீளம் நாற்பதடி. இப்போது அதன் மறுமுனை பெருந்துறையில் இருந்தது. சுவர் நெடுகிலும் வண்டி வாங்கியவர்களின் படங்கள் தொங்கின. எங்கள் படமும் இருந்தது. மாலை, கேக், அட்டையில் செய்த பெரிய சாவி. படத்தில் நறுமுகை எங்கள் நடுவே நின்றிருந்தாள். இப்போது சட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள்.

லோகேஸ்வரன் உடன் நடந்து வந்தார்.

"இன்ஜின் நல்ல இன்ஜினுங்க சார். நீங்களே பத்து போட்டிருக்கீங்க."

"அது செத்துப்போச்சு."

"பத்து வாங்குனது சாவாதுங்க. நீங்க ஓட்டுற விதம் அப்படி."

"நான் ஓட்டவே இல்ல. நின்னுட்டிருந்துச்சு."

"நிறுத்துற விதமும் ஓட்டுற விதத்துலதானுங்க சார் சேரும்."

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். 'ஓட்டாமலே கெடுத்தேன் என்று உறுதி கூறுகிறேன்' என அதில் அச்சிட்டிருந்தது. கீழே என் கையொப்பம் ஏற்கெனவே இருந்தது. நான் போடுவதைவிட அழகாக இருந்தது.

பிற்பகலில் மறுமுனையை அடைந்தோம். எங்கள் கூடம் அங்கே காத்திருப்போர் அறையாகியிருந்தது. எங்கள் சோபாவில் ஒரு மனிதர் மடியில் தலைக்கவசத்தோடும் முகத்தில் பொறுமையோடும் அமர்ந்திருந்தார். எங்கள் சமையலறையில் பணியாளர்களுக்குத் தேநீர் கொதித்தது. எனக்கும் ஒரு குவளை தந்தார்கள். எங்கள் குவளை. தேநீர் மிக நன்றாக இருந்தது. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்பொழுது அங்கிருந்த வாயிலுக்கு மஞ்சள் கிரேன் வந்தது. ஓர் அறையை இறக்கி வைத்துவிட்டுப் போயிற்று. அறையின் சன்னல் திறந்தது.

"அப்பா, எங்கப்பா இருக்கோம்?" என்றாள் நறுமுகை.

"சர்வீஸ் சென்டர்ல கண்ணு. நீ படி."

"நாளான்னைக்குக் கெமிஸ்ட்ரி. அதுக்குள்ள வீட்டுக்குப் போயிருவமா?"

என் கைப்பேசி ஒலித்தது. லோகேஸ்வரன் என் கையைப் பிடித்தார்.

"வணக்கம் சார். எங்க சர்வீசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?" என்றது பெண்குரல்.

"புள்ளைங்க சார்," என்றார் லோகேஸ்வரன்.

"எனக்கும் ஒண்ணு இருக்குது," என்று சன்னலைக் காட்டினேன். கையை விடுவித்துக்கொண்டேன். கைப்பேசியில் சொன்னேன்: "சைபர்."

அறை வாயிலிலிருந்து ஒரு சாண் பின்னால் நகர்ந்தது.

"அப்படியொரு நம்பர் எங்ககிட்ட இல்லீங்க சார். எட்டுல இருந்துதான் ஆரம்பிக்கும்."

"சைபர்."

மேலும் ஒரு சாண்.

சோபாவில் இருந்தவர் எழுந்து நின்றார். "அண்ணா, அப்படியெல்லாஞ் சொல்லலாமுங்களா?"

"சொல்லலாம்," என்றேன். அவர் தம் கைப்பேசியை எடுத்து, அதை உற்றுப் பார்த்தார்.

நாங்கள் இப்போது நெடுஞ்சாலையில் இருக்கிறோம். மகிழுந்தை அவர்களிடமே விட்டுவிட்டேன். அறைக்கு எஞ்சின் கிடையாது. ஆகவே அதில் இறப்பதற்கு ஒன்றும் இல்லை. பின்னால் லாரிகள் ஒலியெழுப்புகின்றன. லோகேஸ்வரன் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு கூடவே நடக்கிறார்.

"எட்டு, சார். எட்டுன்னா நான் வீட்டுல எதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்குவேன்."

"சைபர்."

"அப்பா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. படிக்கறேன்."

"மெதுவாச் சொன்னா நகர மாட்டேங்குது கண்ணு."

சன்னல் சாத்தப்படுகிறது. உள்ளே விளக்கு எரிகிறது. அவள் தனிம அட்டவணையை உரக்க ஒப்பிக்கத் தொடங்குகிறாள். கைப்பேசியில் அந்தக் குரல் அதே கேள்வியை அதே பணிவோடு கேட்கிறது.

வீட்டுக்கு இன்னும் பதினொரு கிலோமீட்டர் இருக்கிறது. சாணுக்கு ஒரு முறை சொல்ல வேண்டும். என் தொண்டை நன்றாக இருக்கிறது.