லம்ப்ரினி வீட்டு மணிகள்

கிரேக்க நாடே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்ட வருஷம் அது. லம்ப்ரினியின் மகன் வங்கேலிஸ் கலகக்காரர்களோடு சேர்ந்து மலையேறிவிட்டான். அதற்குத் தண்டனையாக அவளுடைய ஆட்டுப்பட்டியைக் காலி செய்து, பட்டாளத்து அதிகாரி ஆடுகளை அதே ஊர் ஸ்டெர்யோஸிடம் ஒப்படைத்தான். ஸ்டெர்யோஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன்மேலும் சந்தேகம் விழுந்திருக்கும். அது பாதி உண்மைதான். அந்தக் கறுப்பு ஆடுகள் மேல் அவனுக்கு வெகுநாளாகவே ஒரு கண். வங்கேலிஸுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்த ஞானத்தகப்பன் தானே என்பது மட்டும் அந்த நேரம் வசதியாக மறந்துபோயிற்று.

பிந்தோஸ் மலைப்பக்கம் ஒவ்வொரு வீட்டு ஆட்டுமணிக்கும் ஒரு குரல் உண்டு. கண்ணை மூடிக்கொண்டே யார் மந்தை போகிறது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஸ்டெர்யோஸ் முதல் வேலையாக மணிகளைக் கழற்றி வைக்கோலுக்குள் ஒளித்தான். பெரிய கெட்டிக்காரன்! ஆட்டுக்கு வீடு தெரியும் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து இறங்கிய ஆடுகள் அவன் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே லம்ப்ரினி வீட்டில் போய் நின்றன. எந்த முகத்துக்குப் பயந்து சுற்றுவழியில் நடந்தானோ, அந்த முகத்தின் முன்னாலேயே போய் நிற்க வேண்டியதாயிற்று. அவள் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள்.

"மடி கட்டிக்கிட்டுக் கத்துதுங்க, அண்ணே. பார்த்துக்கிட்டு இருக்க முடியல. இந்தா, உன் பாலு."

"நீயே வச்சுக்கம்மா."

"எதுக்கு? திருடின்னு என்னையும் இழுத்துட்டுப் போகவா? பிடி."

பிடித்தான். ஆடுகளை விரட்டினான், கெஞ்சினான், கொம்பைப் பிடித்து இழுத்தான். ஒன்றும் அசையவில்லை. பக்கத்து ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. கடைசியில் லம்ப்ரினியே கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆடுகள் சாதுவாக அவள் பின்னால் போயின. பால் வாளியோடு எல்லாவற்றுக்கும் பின்னால் அவன்.

அவன் பட்டி வாசலில் நின்று, "மணி எங்கே?" என்றாள்.

"அது... கழட்டி வச்சிருக்கேன்."

"யார் ஆடுன்னு ஊருக்குத் தெரியக்கூடாதுன்னா? அதான் ஊரே பார்க்குதே. எடுத்துட்டு வா."

வைக்கோலைக் கிளறி எடுத்து வந்தான். ஒவ்வொன்றாக அவளே கட்டினாள்.

"இதை மட்டும் கழட்டிடாதே, அண்ணே." குரல் இறங்கிவிட்டிருந்தது. "எம்புள்ள அந்தக் காட்டுலதான் எங்கயோ கெடக்கான். நம்ம மணிச் சத்தம் கேட்டா, அம்மா நல்லாருக்கா, மந்தை மேயுதுன்னு நினைச்சுப்பான்."

மறுநாள் காலையில் ஆடுகளை மேலே ஓட்டிப்போனான். லம்ப்ரினி நன்றாக இருக்கிறாள் என்று மணிகள் சரிவு முழுக்கச் சொல்லிக்கொண்டு போயின. மரங்களுக்கு நடுவே இருந்து வங்கேலிஸ் எட்டிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று, ஸ்டெர்யோஸ் தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டான்.