ஒரு தடவை ஊதும் சங்கு

கனடாவின் சஸ்காட்செவனில் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கில், நாங்கள் கோல் போட்டால் சங்கு ஊத வேண்டும். ஊதுவது மாடியறையில் என் பொறுப்பில் இருக்கும் பழைய கணினி. அன்று அதன் சவுண்ட் கார்டு ஊமையாகிவிட்டது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை மறுபடி ஏற்றத் தெரிந்தவன் எங்கள் கோல்கீப்பர் லைல் ஒருவன்தான். உடம்பெல்லாம் மெத்தை கட்டியிருந்ததால், நின்றபடியே குறுவட்டைப் போட்டுத் தட்டினான்.

“வந்துடுச்சு. ஆனா ஒரு தடவதான் ஊதும். அப்புறம் நான்தான் வந்து ஏத்தணும்.”

“ஒண்ணே போதும்டா. இந்த வருஷம் நாம ஒரு மேட்ச்சாவது ஜெயிச்சிருக்கோமா?”

“வாயக் கழுவு!” என்று கீழே இறங்கினான்.

எதிரணி ஒரு கோல் போட்டது. கடைசி நிமிடங்களில் எங்களுக்கு அதிசயமாக ஒன்று விழுந்தது. சங்கு அலறியது. உடனே இன்னொன்றும் விழுந்தது. பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை.

“சங்கு எங்கடா?” என்று ஊரே கத்தியது.

லைலுக்கு மானம் போய்விட்டது. ஸ்கேட்டோடு படியேறினான். நடுவர் ஆட்டத்தைத் தொடங்கியதை அவன் கவனிக்கவில்லை. எதிரணிக்காரர்களும் முதலில் அவனைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒருவனுக்கு உறைத்தது. காலி வலையை நோக்கி, பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை மெல்லத் தள்ளினான்.

அதே நொடியில் லைல் பட்டனை அமுக்கினான். அரங்கம் அதிரச் சங்கு ஊதியது. இரண்டுக்கு இரண்டு.

“கேட்டியா, எவ்ளோ சுத்தமா இருக்கு!” என்றான் லைல்.