இறுக்கு, இறக்கு

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது பெரியவள்தான். யாரைக் குறை சொல்ல முடியும்? "பாறை ஏறும் பயிற்சி, புதியவர்களுக்கு மட்டும்" என்ற அறிவிப்பை, தான் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலில் முதலில் பார்த்தது அவள். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று ஒன்றுமே இல்லையே என்று பெயரைக் கொடுத்துவிட்டு வந்தவள், சாப்பாட்டு மேஜையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கொழுந்தனின் பெண்டாட்டி, அந்த வீட்டின் சின்ன மருமகள், கண்ணை அகல விரித்தாள்.

"அக்கா, நானும் வரட்டுமா?"

எல்லோர் முன்னாலும் கேட்டால் வேறென்ன சொல்வது? "வாயேன்" என்றாள்.

சின்னவள் வீட்டுக்கு வந்ததிலிருந்தே இப்படித்தான். மாமியாரின் மூட்டுவலி சின்னவள் தேய்த்துவிட்டால்தான் போகும். பெரியவளின் சொந்த மகளே கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம் ஓடுவாள். கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். அவள் நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள்.

பயிற்சி ஒரு பழைய கிடங்கில் நடந்தது. கூரை வரைக்கும் பலகைச் சுவர், அதில் திருகி வைத்த கலர் கலரான பிடிகள், உச்சியில் ஒரு மணி. சொல்லிக்கொடுத்த பெண்ணை எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

"கையால ஏறாதீங்க, காலால ஏறுங்க" என்பாள் பல்லி. "கை சும்மா பிடிச்சுக்கத்தான். மடக்கித் தொங்கினா வலி எடுத்துடும், நீட்டி வைங்க."

பெரியவள் கையால்தான் ஏறினாள். இருந்த ஆத்திரத்துக்கு எதையாவது கெட்டியாகப் பிடிக்க வேண்டியிருந்தது. சின்னவளோ மாடிப்படி ஏறுகிறவள் மாதிரி பேசிக்கொண்டே ஏறினாள். பெரியவள் ஷூ சரியில்லை என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஷூவை மாற்றிக் கொடுத்த பிறகும் கால் வழுக்கியது.

ஏறுகிறவரின் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு உச்சியிலிருக்கும் வளையத்தில் புகுந்து, கீழே நிற்பவர் கைக்கு வரும். மேலே இருப்பவர் உயிர் கீழே இருப்பவர் கையில். அதற்குப் பல்லி இரண்டே வார்த்தைகள் வைத்திருந்தாள். 'இறுக்கு' என்றால், கயிற்றை இழுத்துப் பிடி, நான் கொஞ்சம் தொங்கி இளைப்பாறிக்கொள்கிறேன். 'இறக்கு' என்றால், போதும், தரைக்கு விடு.

"கயித்துல மரியாதை கிடையாது" என்றாள். "'கொஞ்சம் இறுக்கறீங்களா'ன்னு இழுத்து முடிக்கறதுக்குள்ள விழுந்திருப்பீங்க. மாமியாரா இருந்தாலும் 'இறுக்கு'தான்."

கடைசி வகுப்பில் சோதனை வைத்தார்கள். மணியை அடிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நிஜப் பாறைக்குப் போகலாம். நடுவில் தொங்கலாம், தரையைத் தொட்டால் போச்சு. தான் அடிக்க வேண்டும், அவள் அடிக்கக்கூடாது என்று பெரியவள் வேண்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், இரண்டாவதைத்தான் அதிகம் வேண்டினாள்.

முதலில் சின்னவள் ஏறினாள். இத்தனை நாள் வேறு யாராவது பிடிப்பார்கள், இன்று பெரியவள் கயிறு பிடித்தாள். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். மணிக்கு ஒரு பிடி கீழே, சின்னவளின் கால் நடுங்க ஆரம்பித்தது.

"இறுக்கு!"

வந்த நாளாக 'நீங்க, வாங்க' என்றவள் முதன்முதலாக மரியாதை இல்லாமல் கூப்பிட்டாள். பெரியவளுக்குத் தெளிவாகக் கேட்டது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. வயிறு எரிந்தது, கைகள் கயிற்றை விட்டுக்கொடுத்தன. மெதுவாக, பத்திரமாக, சொல்லிக்கொடுத்த முறைப்படியே விட்டன. அந்த வகுப்பில் அவள் வேறெதையும் அவ்வளவு சரியாகச் செய்ததில்லை.

"இல்லக்கா, இறுக்..." என்று ஆரம்பித்த சின்னவள் குனிந்து கீழே பார்த்தாள். பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தரை வரும்வரை வாயே திறக்கவில்லை.

"என்னாச்சு?" பல்லி ஓடிவந்தாள்.

"இறக்குன்னு கேட்டுச்சு" என்றாள் பெரியவள்.

பல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "என் தப்பு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு எனக்குத் தோணியிருக்கணும். இனிமே 'இறுக்கு'ங்கற வார்த்தையே கிடையாது, 'பிடி'ன்னு சொல்லுங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

சின்னவளுக்கு இன்னொரு வாய்ப்புத் தருவதாகவும் சொன்னாள். சின்னவள் வீங்கியிருந்த முன்கையைக் காட்டி வேண்டாமென்றாள். பிறகு பெரியவளின் முடிச்சை இழுத்துச் சரிபார்த்தாள்.

"நல்லா இருக்கு, ஏறுங்கக்கா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் தேவலை போலிருந்தது. பெரியவள் ஏறினாள். பாதி தாண்டியதும் கை கடுத்தது. இப்போது தன் கயிறு அவள் கையில் என்பது உறைத்தது. அவள் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்வோம் என்று நினைத்துப் பார்த்தாள். பாறையும் வேண்டாம், மணியும் வேண்டாம்.

"இறக்கு!"

கயிறு இடுப்பில் வெடுக்கென்று இறுகியது.

"இறுக்கிட்டேன்கா! மேல போங்க!"

"ஏம்மா, அந்த வார்த்தையை இப்பதானே ஒழிச்சேன்!" என்று பல்லி கத்த, கிடங்கே சிரித்தது. பெரியவள் சிரிக்கவில்லை. இல்லாத வார்த்தை ஒருத்திக்கு எப்படிக் கேட்கும்?

கையை நீட்டித் தொங்கினாள். மூச்சு திரும்பியது. அப்புறம், வேறு வழியில்லாமல், முதல் தடவையாகக் காலால் ஏறினாள். மணி அடித்தது. கைதட்டினார்கள். இதற்காகத்தான் இத்தனை நாள் ஏங்கினாள், கிடைத்தபோது கசந்தது. நல்ல மனசிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று இறங்கும்போதும் வயிறு எரியத்தான் செய்தது.

தரையில் நின்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், விரல் ஒத்துழைக்கவில்லை. சின்னவள் வந்து அவிழ்த்துவிட்டாள்.

"எனக்கு அப்போ நல்லாத்தான் கேட்டுச்சு" என்றாள் பெரியவள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

சின்னவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும்தான்கா."