மாசியில் ஒரு தேர்

டமார்!

தெருவில் வேட்டு வெடித்ததும் வெங்கடேஸ்வரி கைப்பேசியைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து அமுக்கினாள். பின்கட்டுக் கதவைச் சாத்தித்தான் பேசிக்கொண்டிருந்தாள். இருந்தும் சத்தம் கென்யா வரைக்கும் போய்விட்டது.

"என்னம்மா அது?" என்றாள் மகள் பாண்டிசெல்வி.

"தேருடி. ஆண்டாள் தேரு கெளம்புதுல்ல, அதான் வேட்டுப் போடுதாவ."

மறுமுனையில் கார் இன்ஜின்கள் உறுமுவது மட்டும் கேட்டது.

"சரிம்மா. இன்னும் ஒரு மணி நேரத்துல கடைசி ஸ்டேஜ். முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்."

வைத்துவிட்டாள். எந்த ஊரிலிருந்து பேசினாலும் 'அப்பா எந்த ட்ரிப்புல இருக்காவ?' என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. இன்றைக்குக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று வெங்கடேஸ்வரி மூச்சுவிட்டாள்.

முன்னறையில், குளிர்பெட்டிக்குள் குருசாமி படுத்திருந்தார். முப்பது வருடம் தனியார் பஸ் கண்டக்டர். நேற்று மாலை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் "வில்லிபுத்தூர், வில்லிபுத்தூர்" என்று கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் படியிலேயே உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு கொழுந்தன் இசக்கிமுத்து வந்தார்.

"மதினி, இப்பவும் சொல்லலையா? அப்பன் செத்தது தெரியாம புள்ள அங்க கார் ஓட்டிக்கிட்டு இருக்கு. நாளைக்கு நம்ம மூஞ்சியில முழிப்பாளா?"

"அவ ஓட்டலை. நோட்ஸ் வாசிக்கா."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. வண்டி ஓட்டுத கௌதம்ராஜ் கண்ணு ரோட்டுல இருக்கும். அடுத்த வளைவு எப்பிடின்னு இவ வாயிலதான் இருக்கு. ஒரு வார்த்தை தப்பிச்சுன்னா வண்டி மரத்துல. ரெண்டு உசிரு தம்பி. ரெண்டாவது உசிரும் ராஜபாளையத்துல ஒரு வீட்டுப் புள்ளதான்."

மூன்று நாள் கார்ப் போட்டி அது. காட்டுக்குள்ளே சரளை மண் பாதையில் முன்னூற்றைம்பது கிலோமீட்டர். அவர்கள் பிரிவில் பாண்டிசெல்வியும் கௌதம்ராஜும் ஆறு செகண்ட் முன்னால் இருந்தார்கள். இன்றைக்கும் முதலாவதாக முடித்தால் அந்த வருடத்து சாம்பியன் பட்டமே அவர்களுக்கு. குருசாமியின் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோருக்கும் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் மனப்பாடம். டிக்கெட் கிழிப்பதற்கு முன்பு அவர் அதைத்தான் சொல்வார்.

நாலு வருடத்துக்கு முன்னால் பாண்டிசெல்வி முதன்முதலாக நோட்ஸ் வாசித்தது ஓசூர்ப் பக்கம் ஒரு சின்னப் போட்டியில். பாதை நேராக இருந்தது, தடை ஏதும் இல்லை. அப்பன் வாய் மகளுக்கும் வந்திருக்குமே, "ரைட்... ரைட்..." என்று உற்சாகமாகக் கத்திவிட்டாள். கௌதம்ராஜ் வலது பக்கம் ஒடித்தான். கார் மிளகாய்த் தோட்டத்துக்குள் போய் நின்றது. அன்றிலிருந்து காருக்குள் தமிழ் நோட்ஸ்தான். வலது, இடது, மேடு, பள்ளம், பைய; வளைவுக்கு ஒரு எண், தூரத்துக்கு மீட்டர் கணக்கு. ரைட் என்ற சொல்லுக்கு அங்கே தடை.

"எனக்குச் சோறு போட்ட வார்த்தையை எம் மவளே தடை பண்ணிட்டா பாத்தியா!" என்று குருசாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இரண்டரை மணிக்கு மாரிச்சாமி கைப்பேசியைக் கொண்டுவந்து, பெட்டியின் தலைமாட்டில் விளக்குத் தண்டில் சாய்த்து வைத்தார். இருபத்திரண்டு வருடம் குருசாமியோடு அதே பஸ்ஸை ஓட்டியவர்.

"மச்சான் பாக்காம இருக்கக் கூடாது தங்கச்சி," என்றார்.

போட்டி நேரலையில் ஓடியது; கேமரா காருக்குள் இருந்தது. செம்மண் புழுதி, இரண்டு ஹெல்மெட், மடியில் நோட்டு. கார் பாய்ந்தது.

"வலது நாலு, நூறு, மேடு, இடது மூணு..."

ஒப்பாரி ஓங்கியது. மம்சாபுரத்திலிருந்து தினமும் குருசாமியின் பஸ்ஸில் பூக்கூடையோடு வரும் குருவம்மாள் கையை உயர்த்தினாள்.

"ஏட்டி, செத்த நேரம் நிறுத்துங்கட்டி! புள்ள வாசிக்கது கேக்கலை."

நிறுத்தினார்கள். கொட்டுக்காரர்களும் கம்பைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

"இடது ரெண்டு, பைய, பைய, கல்லு வலப்பக்கம்... விடு! வலது அஞ்சு..."

"எம்புட்டு வேகம்டி!"

"நூத்தி நாப்பது," என்றார் மாரிச்சாமி. "நம்ம பஸ் அறுவதுக்கே அழும்."

கிடந்தவரைச் சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள்.

கடைசி நாலு கிலோமீட்டர். காரின் அடியில் ஒரு கல் மோதியது. படம் குலுங்கியது.

"வலது மூணு... இடது..."

குரல் நின்றது.

வெங்கடேஸ்வரியின் கை தானாகப் போய்ப் பெட்டியின் கண்ணாடியைப் பிடித்தது. சில்லென்றிருந்தது. ஒரு மூச்சு நேரம்தான். அவளுக்கு ஒரு மணி நேரம் போலிருந்தது.

"...இடது நாலு, பைய, பாலம். இருநூறு. மிதி கௌதம், மிதி!"

பாலம் கடந்தது. புழுதிக்கு அந்தப் பக்கம் கொடிகள் தெரிந்தன. கார் பறந்து போய் நின்றது. திரையில் பெயர்கள் வரிசையாக ஏறின.

"முதல்ல நம்ம புள்ள பேரு! நாலு செகண்டு!" மாரிச்சாமி பெட்டியின் பக்கம் குனிந்தார். "நாலே செகண்டு மச்சான்!"

பந்தல் இரைந்தது. டிரைவர்களும் கண்டக்டர்களும் துண்டைச் சுழற்றினார்கள். குருவம்மாள் மாலைக்கென்று வைத்திருந்த உதிரிப்பூவை அள்ளிப் பெட்டியின் மேல் கொட்டினாள். இசக்கிமுத்து மிச்சமிருந்த வேட்டுகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

"ஏலே, அது அண்ணனுக்கு வச்ச வேட்டுல்லா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"அண்ணனுக்குத்தாம்லே போடுதேன்!"

ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கொட்டு முழங்கியது. என்ன அடி அடிக்கிறோம் என்று கொட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை.

மூன்றரைக்குக் குருசாமியை வண்டியில் ஏற்றினார்கள். அமரர் ஊர்தியின் டிரைவரிடம் சாவியைக் கேட்டு வாங்கி மாரிச்சாமியே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். இன்ஜின் ஓடியது. கியர் விழுந்தது. வண்டி நகரவில்லை.

"என்னண்ணே, எடுங்க," என்றார் இசக்கிமுத்து.

மாரிச்சாமி பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்படிப் பக்கம் யாரும் இல்லை.

"எடுக்க வரலப்பா," என்றார்.

அப்போது வெங்கடேஸ்வரியின் கையில் கைப்பேசி அடித்தது.

"செயிச்சிட்டியேட்டி," என்றாள்.

"ஆமாம்மா." பின்னால் கைதட்டலும் விசிலும் காதைப் பிளந்தன. "அம்மா, ஆண்டாள் தேரு ஆடியிலதானே ஓடும்? இது மாசி."

வெங்கடேஸ்வரி வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டாள்.

"அப்பவே தெரியுமாட்டி?"

"தெரியும். கௌதமுக்கு இப்பத்தான் சொன்னேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வண்டி யாரு, மாரிச்சாமி மாமாவா?"

"ஆமா."

"போனை அவிய கிட்ட குடு."

வெங்கடேஸ்வரி தெருப்பெண்களை விலக்கிக்கொண்டு முன்பக்கம் போனாள். ஜன்னல் வழியாகக் கைப்பேசியை நீட்டி, ஒலியைக் கூட்டினாள்.

"மாமா, அப்பா ஏறியாச்சா?"

"ஏறியாச்சு தாயி."

மாரிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கென்யாவில் யாரோ பாண்டிசெல்வியின் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். தெருவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவள் கூவினாள்:

"போலாம்... ரைட்!"