அணைத்துவிட்டு வாசி

கிட்டார்க்காரனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. வேகமான பாட்டுகளில் எப்படியோ சமாளித்தான். கை பறக்கிற பறப்பில் எது நடுக்கம், எது வாசிப்பு என்று எவனுக்குத் தெரியும்? மெதுவான பாட்டில்தான் வினை. கம்பியைத் தட்டிவிட்டுக் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். சும்மா இருந்தால்தானே அது! மறுபடி போய்க் கம்பியை உரசும், ஒலி விக்கும்.

அதற்குத்தான் ட்ரெமோலோ பெடல். காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. ஒலியைத் தானாகவே ஏற்றி இறக்கி அலையடிக்க வைக்கும். அந்த அலைக்குள் விக்கலை ஒளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். ஆனால் கடைக்கு மாமாவும் கூடவே கிளம்பிவிட்டார். அக்கா புருஷன், அவன் வாசிக்கிற இசைக்குழுவின் டிரம்ஸ்காரர், தலைவரும் அவரே. ஒரு ஹோட்டலில் வாசிக்க ஆறு மாத ஒப்பந்தம் வந்திருந்தது. நாலு பேர் பெயரை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இப்போது மணி நாலே கால்.

கடைக்காரம்மா இரண்டு பெடல்களைத் தரைவிரிப்பில் வைத்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை.

கறுப்பு, ஒலியைக் கத்தரியால் நறுக்குவது போல நறுக்கியது. கிட்டார்க்காரன் வாசித்தான். விக்கல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அப்பாடா!

"இதே போதும் மாமா. பேக் பண்ணச் சொல்லுங்க."

"என்ன அவசரம்? மெதுவான பாட்டுக்கு இப்படியா வெட்டும்? பச்சையையும் கேப்போம்."

பச்சை மென்மையாக அலையடித்தது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான பெடல். அந்த மென்மைதான் அவனுக்கு ஆபத்து. அலையின் வேகம், ஆழம் என்று இருந்த இரண்டு குமிழ்களையும் உச்சத்துக்குத் திருகிவிட்டு வாசித்தான்.

"சரி, இப்ப அணைச்சுட்டு அதையே வாசிங்க," என்றாள் கடைக்காரம்மா. "சில பெடல் போட்டா சத்தம் குறையும். மாத்தி மாத்திக் கேட்டாத்தான் தெரியும்."

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். "அதெல்லாம் வேணாம்மா."

"வாசியேன்டா," என்றார் மாமா.

அணைத்தான். தட்டினான். ஒலி விக்கியது.

கடைக்காரம்மா நெற்றியைச் சுருக்கினாள். "அணைச்ச பிறகும் வெட்டுதே?"

"ஆமாம்மா, பெடல்ல ஏதோ கோளாறு," என்றான் சட்டென்று. பாவம், அந்தப் பெடல் என்ன செய்யும்! "அந்தக் கறுப்பையே குடுங்க."

அவளோ விடுகிற ஆளில்லை. "என் கடையில கோளாறா? இருங்க." உள்ளே போய்ப் புதுப் பச்சை ஒன்றைப் பிரித்துக்கொண்டு வந்தாள். அதுவும் விக்கியது. கேபிளை மாற்றினாள். விக்கியது. கடைசியில் பெடலையே கழற்றிவிட்டு, கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினாள்.

"இப்ப வாசிங்க. ஒரே ஒரு தட்டு."

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒரு கேபிள், அவ்வளவுதான். மாமா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். தட்டினான். விக்கியது. கடைக்காரம்மா கிட்டாரின் அடியில் குனிந்து குமிழைத் திருகிப் பார்த்தாள்.

"போதும்மா," என்றான். "எதுலயும் கோளாறு இல்ல. என் கை."

மாமா அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். கடைக்காரம்மா ஏதோ முனகிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம்."

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத் தெரியாமப் போகுமா?"

"டாக்டர்?"

"போகல. என்ன சொல்லுவாரோன்னு பயமா இருக்கு மாமா."

"அடப் பைத்தியக்காரா! பெட்டியை வாங்கிக் கையை மறைக்கப் பார்த்தியா?" மாமா கத்தத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் இறங்கிவிட்டது.

அதற்குள் போன் அடித்தது. ஹோட்டல்காரர். பெயர்கள் எங்கே என்று கேட்டார். "அஞ்சே நிமிஷம்," என்று சொல்லிவிட்டு மாமா போனை மடியில் வைத்துக்கொண்டார். பட்டியலில் இரண்டாவது பெயர் அவனுடையது. கறுப்புப் பெடல் அங்கேயே காலடியில் கிடந்தது. கெஞ்சினால் மாமா இளகிவிடுவார், அது அவனுக்கு நன்றாகத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது.

"நெட்டையனைப் போடுங்க," என்றான். பத்து வருஷமாக அவன் நக்கலடித்து வந்த இன்னொரு கிட்டார்க்காரன் அந்த நெட்டையன். "சும்மாத்தான் இருக்கான். கூப்பிட்டா வந்துடுவான்."

மாமா மெதுவாக அவன் பெயரை அழித்துவிட்டு நெட்டையன் பெயரைப் போட்டார். அனுப்பினார். "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன்."

அவன் தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து பச்சைப் பெடலை எடுத்தான். உச்சத்தில் இருந்த குமிழ்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான்.

"இதை வாங்குங்க மாமா. கறுப்பை எனக்காகத்தான் சொன்னேன். நெட்டையன்கிட்ட சொல்லுங்க, ஆழம் பாதிக்கு மேல போக வேணாம். அவன் கை அழகா நிக்கும். அது கேக்கணும்."