விளிம்பு வரை

விடிந்ததும் சய்ரா முதலில் பார்த்தது கணவரின் கால்களைத்தான். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, விழுந்த குழி எழவில்லை. மூன்று தலையணையில் சாய்ந்திருந்த ஜுமாதில், "என்ன, மாவா பிசையிற?" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தின் வால்வை மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்பைக் கிழிக்காத வைத்தியம், நடந்தே வீடு வந்து சேர்ந்தார். பிஷ்கெக்கில் இருந்த உறவெல்லாம் கறியும் ரொட்டியுமாக வந்து வாழ்த்திவிட்டுப் போனது. அப்புறம் ஏன் இந்த வீக்கம்? சய்ராவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டாக்சி பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, புது வால்வில் ஒரு குறையும் இல்லை என்றாள். "கோளாறு தசையிலம்மா. பழைய வால்வோட வாசல் குறுகிக் கிடந்த அத்தனை வருஷமும் முட்டி முட்டித் தள்ளி, இதயம் தடிச்சு இறுகிப்போச்சு. நல்லாத்தான் சுருங்குது. தளரத்தான் மாட்டேங்குது. தளர்ந்தாத்தானே ரத்தம் உள்ள வரும்? வர முடியாதது நுரையீரல்ல தேங்குது." இப்படிப்பட்டவர்கள் வால்வு மாற்றிய பிறகும் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், சிலர் தேறுவதே இல்லை என்பதையும் அவள் மறைக்கவில்லை. மாத்திரையைக் கூட்டினாள். உப்பையும் தண்ணீரையும் குறைக்கச் சொன்னேனே, குறைத்தீர்களா என்று கேட்டாள்.

வாய் நனைக்கத்தான் குடிக்கிறேன் என்றார் ஜுமாதில். சய்ராவும் தலையாட்டினாள். பொய்யில்லை. கிண்ணத்தின் அடியில் இரண்டு மடக்குக்கு மேல் அவள் தேநீர் ஊற்றியதே கிடையாது. அவர்கள் ஊரில் கொஞ்சமாக ஊற்றி, மறுபடி மறுபடி நிரப்பித் தருவதுதான் மரியாதை. விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால், எழுந்து போ என்று அர்த்தம்.

திரும்பும் வழியில்தான் அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு மடக்கு, இன்னும் இரண்டு மடக்கு என்று ஒரு நாளைக்கு எத்தனை கெண்டி! அத்தனையும் அவள் கையால், ஊர் வழக்கப்படி பாலும் உப்பும் போட்டு. ஐயோ, மரியாதையாகவே மூழ்கடித்திருக்கிறேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

மதியம் ஜுமாதில் கிண்ணத்தை நீட்டினார். சய்ரா உப்பில்லாத வெறும் தேநீரை விளிம்பு வரை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

அவர் முகம் மாறியது. "இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கிளம்பச் சொல்றியா?"

"இருக்கச் சொல்றேங்க. படுக்கிற வரைக்கும் இவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. கிண்ணத்தை நோக்கிப் போன கை, சிந்திவிடுமோ என்று பாதியில் நின்றது. இருவருக்கும் நடுவே கிண்ணம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.